எழுதிவிட்டேன் என்று டிஸ்க் சொன்னால் போதுமா?

கார் சக்கரத்தின் பிரேக்கைப் பிடித்து நிற்கும் போல்ட் ஒன்றை இறுக்கச் சில விநாடிகள் போதும். அது எவ்வளவு முறுக்குவிசையில் இறுக்கப்பட்டது என்ற குறிப்பு, அந்தக் கார் சாலையில் ஓடும் காலம் முழுவதும் பத்திரமாக இருக்க வேண்டும். ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழில் தடத்தில் ஒவ்வொரு ஷிப்டிலும் இப்படிப்பட்ட குறிப்புகள் வந்து குவிந்துகொண்டே இருக்கின்றன. இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் ஆலையிலிருந்து 1998-ல் முதல் சான்ட்ரோ வெளிவந்தது. ஒரகடத்துக்கு 2010-ல் ரெனோ–நிசான், 2012-ல் டெய்ம்லர், 2013-ல் ராயல் என்ஃபீல்டு என்று ஆலைகள் வரிசையாக வந்தன. அவற்றைச் சுற்றி உதிரிபாகக் கம்பெனிகள் பெருகின. இன்றைய அசெம்பிளி லைனில் இறுக்கும் கருவி, கசிவு சோதிக்கும் கருவி, படம் பிடித்துப் பிழை தேடும் கேமரா எல்லாமே தத்தம் முடிவை வண்டியின் 17 எழுத்து அடையாள எண்ணோடு சேர்த்து ஒரு கோப்பில் எழுதி வைக்கின்றன.

நாளைக்கு ஒரு தொகுதி போல்ட்டில் குறை தெரிந்தால், திரும்ப அழைக்க வேண்டியது சில நூறு வண்டிகளையா, பல ஆயிரம் வண்டிகளையா என்பதை இந்தக் கோப்புகள்தான் தீர்மானிக்கும். அதாவது ஒரு குடும்பத்தின் பாதுகாப்பு, லைன் ஓரத்துக் கம்ப்யூட்டர் ஒன்றிலிருக்கும் சில நூறு பைட்டுகளை நம்பி நிற்கிறது.

அந்தக் கம்ப்யூட்டருக்கு மின்சாரம் எப்போது போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. 2016 டிசம்பர் 12-ல் வர்தா புயல் கரையைக் கடந்தபோது சென்னையிலும் சுற்று மாவட்டங்களிலும் மின்கம்பங்கள் சாய்ந்தன. அவ்வளவு பெரிய புயல் கூட வேண்டாம். யூபிஎஸ் பேட்டரி வயதாகித் தளர்ந்திருக்கலாம். டீசல் ஜெனரேட்டர் ஓடத் தொடங்கும் முன் வோல்டேஜ் ஒரு நொடி சரிந்திருக்கலாம். ஷிப்ட் முடிந்து போகிறவர் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் போகலாம். எழுதிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போனால் பாதி எழுதிய குறிப்பு என்ன ஆகும் என்ற கேள்விக்கு விடை தேடி, கணினித் துறை அரை நூற்றாண்டாக உழைத்திருக்கிறது. அந்த விடையில் தமிழர்களின் பங்கு பெரிது.

‘சேமித்தாயிற்று’ என்பதன் உண்மைப் பொருள்

ஒரு நிரல் கோப்பில் எழுதச் சொன்னதும், இயங்குதளம் கிட்டத்தட்ட அந்தக் கணமே ‘ஆயிற்று’ என்று பதில் தருகிறது. அப்போது அந்தத் தகவல் இருப்பது டிஸ்க்கில் அல்ல, ரேமில். டிஸ்க் மெதுவானது என்பதால் இயங்குதளம் எழுத்துகளைச் சேர்த்து வைத்துப் பிறகு மொத்தமாக அனுப்புகிறது. வழக்கமான அமைப்பில் ஓடும் லினக்ஸில் ஒரு குறிப்பு இப்படி 30 விநாடி வரைகூட ரேமில் காத்திருக்கலாம். அந்த இடைவெளியில் மின்சாரம் போனால், திரையில் ‘சேமிக்கப்பட்டது’ என்று பச்சை விளக்கு எரிந்த குறிப்பும் போய்விடும்.

டிஸ்க்குக்குப் போய்ச் சேர்ந்த பிறகும் கதை முடிவதில்லை. டிஸ்க்குக்குள்ளேயே ஒரு தற்காலிக நினைவகம் இருக்கிறது. அங்கே வந்தவுடனேயே டிஸ்க்கும் ‘எழுதிவிட்டேன்’ என்கிறது. தன் முள் நகர வேண்டிய தூரத்தைக் குறைக்க, வந்த வரிசையை மாற்றித் தனக்கு வசதியான வரிசையில் எழுதுகிறது. முதலில் அனுப்பியது கடைசியிலும், கடைசியில் அனுப்பியது முதலிலும் பதியலாம். மின்சாரம் இருக்கும்வரை இதனால் ஒரு கெடுதலும் இல்லை. நடுவில் போனால் எது பதிந்தது, எது பதியவில்லை என்பது முழுக்க அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது.

ஒரு குறிப்பு, மூன்று இடங்கள்

இதன் விளைவை அருகில் வைத்துப் பார்ப்போம். இறுக்கும் கருவியின் கோப்பு நிரம்பிவிட்டது. அடுத்த குறிப்புக்குப் புதிதாக ஒரு 4096 பைட் பிளாக் வேண்டும். அதற்காகக் கோப்பு முறைமை மூன்று வேறு இடங்களில் எழுதுகிறது. எந்தெந்த பிளாக் காலி, எது நிரம்பியது என்று காட்டும் இடப் பதிவேட்டில் இந்த பிளாக் எடுக்கப்பட்டது என்று குறிக்கிறது. கோப்பின் தலைப்புத் தகவலான ஐநோடில் புதிய நீளத்தையும் பிளாக்கின் முகவரியையும் சேர்க்கிறது. பிறகு அந்த பிளாக்கில் முறுக்குவிசைக் குறிப்பையே எழுதுகிறது.

இந்த மூன்றில் குறிப்பு மட்டும் பதிந்து கரண்ட் போனால், அது டிஸ்க்கில் இருந்தும் இல்லாததுபோலத்தான். எந்தக் கோப்பும் அதைச் சுட்டாது. பதிவேடு மட்டும் பதிந்தால் ஓர் இடம் வீணாகும், அவ்வளவுதான். ஐநோடு மட்டும் பதிந்தால் ஆபத்து கூடுகிறது. ‘இந்த பிளாக் என்னுடையது’ என்கிறது கோப்பு. ‘அது காலி’ என்கிறது பதிவேடு. மறுநாள் அதே பிளாக் இன்னொரு கோப்புக்கும் போகும். இரண்டும் ஒன்றையொன்று அழிக்கும்.

இவை எல்லாவற்றையும்விட மோசமான நிலை ஒன்று உண்டு. பதிவேடும் ஐநோடும் பதிந்து, குறிப்பு மட்டும் பதியாமல் போவது. இப்போது கணக்கு எல்லாம் ஒத்துப்போகிறது. எந்தச் சோதனைக் கருவியும் குறை சொல்லாது. ஆனால் அந்த பிளாக்கில் இருப்பது என்றோ அழித்த வேறு கோப்பின் மிச்சம். அது வேறு வண்டியின் பழைய குறிப்பாகவும் இருக்கலாம். கோப்பைத் திறப்பவருக்கு அது பிழையாகவே தெரியாது.

முற்காலத்துக் கோப்பு முறைமைகள், மின்சாரம் திரும்பியதும் டிஸ்க் முழுவதையும் அலசிப் பதிவேட்டையும் ஐநோடுகளையும் ஒப்பிட்டுச் சரிசெய்தன. விண்டோஸில் செக்டிஸ்க் ஓடுவதைப் பார்த்துக் காத்திருந்தவர்களுக்கு அந்த அலுப்பு தெரியும். டிஸ்க் பெரிதாகப் பெரிதாக இந்த அலசல் மணிக்கணக்கில் நீண்டது. அப்படிக் காத்திருந்தும் மேலே சொன்ன மோசமான நிலையை அதனால் கண்டுபிடிக்கவே முடியாது.

முதலில் குறிப்பேடு, பிறகு பேரேடு

தீர்வு தரவுத்தளத் துறையிலிருந்து வந்தது. எதையும் அதன் உரிய இடத்தில் மாற்றுவதற்கு முன், என்ன மாற்றப் போகிறோம் என்பதைத் தனியாக ஓரிடத்தில் எழுதி முடித்துவிட வேண்டும் என்பதே அதன் சாரம். கடைக் கணக்கை நேரே பேரேட்டில் ஏற்றாமல், நடந்ததை முதலில் குறிப்பேட்டில் எழுதிப் பிறகு ஏற்றுவதுபோல. ஏற்றும் நேரத்தில் இடையூறு வந்தாலும் குறிப்பேட்டைப் பார்த்து மீண்டும் ஏற்றிக்கொள்ளலாம்.

இந்த எண்ணத்தைக் கறாரான, முழுமையான முறையாக வடித்தவர்களில் முதலில் சொல்ல வேண்டியவர் சி. மோகன். தமிழ்நாட்டில் பிறந்து, சென்னை ஐஐடியில் 1977-ல் வேதிப்பொறியியல் பட்டம் பெற்றவர். கலிபோர்னியாவில் ஐபிஎம் நிறுவனத்தின் அல்மடேன் ஆய்வகத்தில் பல ஆண்டுகள் பணியாற்றினார். அவரும் உடன் ஆய்வாளர்களும் 1992-ல் வெளியிட்ட ‘ஏரீஸ்’ என்ற மீட்பு முறை, டிபி2, எஸ்க்யூஎல் சர்வர் போன்ற தரவுத்தளங்களின் அடித்தளமானது. ஏரீஸின் சிறப்பு, மீட்புப் பணி நடக்கும்போதே மறுபடி கரண்ட் போனாலும் கலங்காதது. செய்ததையே திரும்பச் செய்தாலும் விளைவு மாறாதபடி அதன் படிகள் அமைந்திருக்கின்றன. எத்தனை முறை விழுந்தாலும் ஒரே சரியான நிலைக்கு எழுந்து வரும். மின்சாரம் வந்து வந்து போகும் ஊர்களுக்கு இதைவிடப் பொருத்தமான குணம் இல்லை.

கோப்பு முறைமைகளும் இதே வழியில் வந்தன. 1993-ல் விண்டோஸ் என்டியுடன் வந்த என்டிஎஃப்எஸ், 2001-ல் லினக்ஸில் சேர்ந்த எக்ஸ்ட்3, 2008-ல் அதன் வாரிசாக நிலைபெற்ற எக்ஸ்ட்4 ஆகியவற்றில் ‘ஜர்னல்’ என்ற தனிப் பகுதி இருக்கிறது. பதிவேட்டு மாற்றம், ஐநோடு மாற்றம் இரண்டும் முதலில் அங்கே போகின்றன. இரண்டும் பதிந்த பிறகு ‘இந்தத் தொகுப்பு முடிந்தது’ என்ற முத்திரை பிளாக் எழுதப்படுகிறது. அதற்குப் பிறகே அவை தத்தம் சொந்த இடங்களுக்குப் போகும். மின்சாரம் திரும்பியதும் கோப்பு முறைமை ஜர்னலை மட்டும் படிக்கிறது. முத்திரை இருந்தால் தொகுப்பை மீண்டும் நிறைவேற்றும். இல்லாவிட்டால் அது நடக்கவே இல்லை என்று ஒதுக்கிவிடும். மணிக்கணக்கான அலசல் விநாடிகளில் முடிந்தது.

குறிப்பின் உள்ளடக்கம் பதியாமல் போகும் ஆபத்துக்கும் எக்ஸ்ட்4 வழக்கமாக ஓடும் முறையில் பதில் உண்டு. உள்ளடக்கத்தை முதலில் அதன் இடத்தில் எழுதிவிட்டுத்தான் ஜர்னலில் முத்திரை வைக்கும். பழைய வண்டியின் குறிப்பு புதிய வண்டியின் பெயரில் தலைகாட்டாது.

வரிசையைக் காப்பாற்றுவது யார்?

இந்த ஏற்பாடு முழுவதும் வரிசையில் தொங்குகிறது. முத்திரை கடைசியில் பதிந்தால்தான் அதற்கு மதிப்பு. வரிசையை மாற்றும் பழக்கமுள்ள டிஸ்க்கிடம் எப்படி அதைச் சாதிப்பது? ‘உன் தற்காலிக நினைவகத்தில் இருப்பதையெல்லாம் நிரந்தர இடத்துக்கு அனுப்பிவிட்டு எனக்குச் சொல்’ என்ற ஃபிளஷ் கட்டளையைக் கோப்பு முறைமை முத்திரைக்கு முன்னும் பின்னும் கொடுக்கிறது. பாதுகாப்புக்கு நாம் கொடுக்கும் விலை இந்தக் காத்திருப்புதான். வேகம் வேண்டுமென்று இந்தக் கட்டளையை அணைத்து வைப்பவர்கள் ஜர்னலின் அர்த்தத்தையே அணைத்துவிடுகிறார்கள்.

எல்லா டிஸ்க்குகளும் ஃபிளஷ் கட்டளைக்கு நேர்மையாக நடக்கின்றனவா? 2013-ல் ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தையும் எச்பி ஆய்வகத்தையும் சேர்ந்தவர்கள் சில்லுகளில் எழுதும் டிஸ்க்குகளான எஸ்எஸ்டிகளில் 15-ஐ எடுத்து, எழுதும் நேரத்தில் திரும்பத் திரும்ப மின்சாரத்தைத் துண்டித்துப் பார்த்தார்கள். 13 எஸ்எஸ்டிகளில் ஏதேனும் ஒரு கோளாறு வெளிப்பட்டது. சிலவற்றில் பிட்டுகள் கெட்டன, சிலவற்றில் எழுத்து பாதியில் அறுந்தது. முற்றிலும் செயலிழந்ததும் உண்டு. எஸ்எஸ்டி தன் உள்ளே எந்தத் தகவல் எந்தச் சில்லில் இருக்கிறது என்று ஒரு வரைபடம் வைத்திருக்கிறது. அந்த வரைபடம் கலைந்தால், என்றோ பத்திரமாக எழுதியதும் சேர்ந்து போகும். மின்சாரம் போன பிறகும் வேலையை முடிக்கத் தேவையான மின்னூட்டத்தைத் தாங்கும் கெப்பாசிட்டர்கள் கொண்ட எஸ்எஸ்டிகள் சந்தையில் கிடைக்கின்றன. விலை கூடுதல். ஆலையில் வாங்க வேண்டியது அவற்றைத்தான்.

சத்தமில்லாத பிழை

கரண்ட் போகாத நாளிலும் டிஸ்க் தவறு செய்யும். எழுதியதாகச் சொல்லி எழுதாமல் விடும். எழுத வேண்டிய இடத்தை விட்டுப் பக்கத்து இடத்தில் எழுதும். பல மாதம் தொடாமல் கிடந்த பிளாக் படிக்க முடியாமல் போகும். இவை அபூர்வம் என்று நெடுங்காலம் நம்பிக்கொண்டிருந்தோம். அந்த நம்பிக்கையை எண்களால் உடைத்த ஆய்வுகளில் முதல் பெயராக இருப்பது லட்சுமி பைரவசுந்தரம். விஸ்கான்சின்–மேடிசன் பல்கலைக்கழகத்தில் ஆய்வாளராக இருந்தபோது அவரும் உடன் ஆய்வாளர்களும் நெட்ஆப் நிறுவனச் சேமிப்பகங்களின் 15.3 லட்சம் டிஸ்க்குகளின் பதிவுகளை ஆராய்ந்தார்கள். 2007-ல் வந்த முதல் ஆய்வின்படி, 32 மாதங்களில் 3.45 சதவீத டிஸ்க்குகளில் படிக்க முடியாத பகுதிகள் தோன்றியிருந்தன. 2008-ல் வந்த அடுத்த ஆய்வு, 41 மாதங்களில் 4 லட்சத்துக்கும் மேற்பட்ட செக்சம் பொருந்தாமைகளைக் காட்டியது. டிஸ்க் எந்தப் பிழையும் சொல்லாமல் தவறான தகவலைத் தந்த சம்பவங்கள் இவை.

செக்சம் என்பது ஒரு பிளாக்கின் அத்தனை பிட்டுகளிலிருந்தும் கணக்கிட்டு எடுக்கும் சிறிய எண். ஒரு பிட் மாறினாலும் எண் மாறிவிடும். அதை எங்கே வைப்பது என்பதில்தான் நுட்பம் இருக்கிறது. பிளாக்குடனேயே வைத்தால், எழுதாமல் விட்ட பிழையைப் பிடிக்க முடியாது. பழைய தகவலும் பழைய செக்சமும் ஒன்றுக்கொன்று பொருந்தி நிற்குமே! சன் நிறுவனத்தில் ஜெஃப் போன்விக், மேத்யூ ஆரன்ஸ் ஆகியோர் உருவாக்கி 2005-ல் வெளியான இசட்எஃப்எஸ், ஒவ்வொரு பிளாக்கின் செக்சத்தையும் அதைச் சுட்டும் மேல் பிளாக்கில் வைத்தது. மேல் பிளாக்கின் செக்சம் அதற்கும் மேலே. இப்படி உச்சிவரை ஒரு சங்கிலி. பிளாக் எழுதப்படாமல் விட்டிருந்தாலோ இடம் மாறி எழுதப்பட்டிருந்தாலோ, அடுத்த முறை படிக்கும்போதே அகப்பட்டுவிடும்.

இசட்எஃப்எஸ் இன்னொன்றும் செய்தது. பழையதன் மேல் எழுதுவதையே நிறுத்தியது. மாற்றம் எதுவானாலும் புதிய இடத்தில் எழுதி முடித்து, கடைசியில் உச்சியிலிருக்கும் சுட்டியை மட்டும் மாற்றும். அந்தக் கடைசி அடி நடக்கும்வரை பழைய உண்மை அப்படியே இருக்கிறது. நடந்த பிறகு புதிய உண்மை முழுதாக இருக்கிறது. பாதி என்ற நிலையே இல்லை. லினக்ஸின் பிடிஆர்எஃப்எஸ், ஆப்பிளின் ஏபிஎஃப்எஸ் ஆகியவையும் இந்தத் தடத்தில் வந்தவை. ஸ்ரீபெரும்புதூர் பக்கத்தில் பூட்டப்படும் ஐபோன்கள் ஏபிஎஃப்எஸ்ஸில்தான் தகவலை வைக்கின்றன. ஆனால் ஏபிஎஃப்எஸ் செக்சம் போடுவது கோப்பு முறைமையின் சொந்தத் தகவலுக்கு மட்டுமே. பயனரின் உள்ளடக்கத்துக்கு அது செக்சம் போடுவதில்லை.

இரண்டு டிஸ்க்குகளில் ஒரே தகவலை வைத்தால் போதாதா என்று கேட்கலாம். இரண்டும் வேறுபட்டால் எது சரி? சாதாரண ரெய்டு அமைப்புக்கு அது தெரியாது. செக்சம் உள்ள முறைமைக்குத் தெரியும். சரியானதைக் கொடுத்துவிட்டு, கெட்டதையும் அதைக் கொண்டே திருத்திவிடும். பிரதியும் செக்சமும் ஒன்றுக்கொன்று துணை. ஒன்று மட்டும் இருந்தால் பாதிப் பாதுகாப்புதான்.

கோப்பு முறைமையை நம்பி நிரல் செய்யும் தவறு

டிஸ்க்கும் கோப்பு முறைமையும் சரியாக நடந்தாலும் இன்னொரு பலவீனம் மிச்சம் இருக்கிறது. அது நாம் எழுதும் நிரல். விஸ்கான்சினில் ஆண்ட்ரியா, ரெம்சி ஆர்பாசி-டுசோ தம்பதியின் ஆய்வுக்குழு இதை இருபது ஆண்டுகளுக்கு மேலாகத் தோண்டிவருகிறது. அக்குழுவின் கட்டுரைகளைப் புரட்டினால் நமக்குப் பழக்கமான பெயர்கள் வந்துகொண்டே இருக்கும். விஜயன் பிரபாகரனும் மற்றவர்களும் 2005-ல், டிஸ்க் பிழையைச் சந்திக்கும்போது எக்ஸ்ட்3, என்டிஎஃப்எஸ் உள்ளிட்ட கோப்பு முறைமைகள் எவ்வளவு முரணாக நடக்கின்றன என்று காட்டினார்கள். ஜர்னல் தொகுப்புக்கே செக்சம் போடலாம் என்ற அவர்களுடைய எண்ணம் பின்னர் எக்ஸ்ட்4-க்குள் வந்தது. ஃபிளஷ் காத்திருப்பைக் குறைத்தும் வரிசையைக் காப்பாற்றும் வழியை 2013-ல் முன்வைத்தவர் விஜய் சிதம்பரம்.

2014-ல் தாணுமாலயன் சங்கரநாராயண பிள்ளையும் உடன் ஆய்வாளர்களும் உருவாக்கிய ‘ஆலிஸ்’ என்ற கருவி, ஒரு நிரல் எழுதும்போது எந்தெந்தக் கணத்தில் கரண்ட் போனால் என்னென்ன நிலை வரலாம் என்று முறையாக அலசியது. கிட், எஸ்க்யூலைட், போஸ்ட்கிரஸ் உள்ளிட்ட 11 மென்பொருள்களை அதில் போட்டுப் பார்த்தார்கள். 60 ஓட்டைகள் கிடைத்தன. உலகமே நம்பும் மென்பொருள்கள் இவை. எழுத்துகள் தாம் நினைத்த வரிசையில்தான் டிஸ்க்கைச் சேரும் என்று நிரலாளர்கள் நம்பியதே பல ஓட்டைகளுக்குக் காரணம். எந்தக் கோப்பு முறைமையும் அப்படி வாக்குறுதி கொடுக்கவில்லை.

‘இந்தக் கோப்பை இப்போதே டிஸ்க்கில் பதி, பதிந்த பிறகு சொல்’ என்று கேட்க நிரலுக்கு ஒரு வழி உண்டு. லினக்ஸில் அதன் பெயர் எஃப்சிங்க். அதிலும் ஒரு கண்ணி இருப்பது 2018-ல் போஸ்ட்கிரஸ் வட்டாரத்தில் தெரிய வந்தது. எஃப்சிங்க் தோற்றால் மறுபடி ஒருமுறை அழைப்பது நிரலாளர்களின் வழக்கம். இரண்டாம் முறை வெற்றி என்று பதில் வரும். ஆனால் முதல் தோல்வியின்போதே லினக்ஸ் அந்தப் பக்கங்களை ‘எழுதியாயிற்று’ என்று குறித்துவிட்டிருக்கும். இரண்டாம் வெற்றி வெறும் சொல்தான், தகவல் போய்விட்டது. இப்போது போஸ்ட்கிரஸ் எஃப்சிங்க் தோற்றால் மறுமுயற்சி செய்வதில்லை. வேலையை நிறுத்தி, தன் குறிப்பேட்டிலிருந்து மீண்டு எழுகிறது. ராம்நாத்தன் அழகப்பன் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2020-ல் வேறு பல மென்பொருள்களையும் சோதித்து, எஃப்சிங்க் தோல்வியைச் சரியாகக் கையாள்வது எவ்வளவு கடினம் என்று காட்டினார்கள்.

ஆலைத் தளத்தில் செய்ய வேண்டியவை

இவ்வளவு அறிவும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. ஆனாலும் ஒரு சின்ன அமைப்புக் கோப்பைக் கூட நேரே மேலெழுதும் நிரல்கள் இன்னும் ஓடுகின்றன. அந்தக் கணத்தில் கரண்ட் போனால் பழையதும் இல்லை, புதியதும் இல்லை. பூஜ்ய பைட் கோப்பு ஒன்றுதான் மிஞ்சும். எக்ஸ்ட்4 பரவத் தொடங்கிய 2009-ல் பலர் இதைக் கண்டு திகைத்தார்கள். சரியான வழி எளிது. புதிய உள்ளடக்கத்தைத் தற்காலிகப் பெயரில் எழுது, எஃப்சிங்க் கேள், பெயரை மாற்று, அந்தக் கோப்பு இருக்கும் டைரக்டரிக்கும் எஃப்சிங்க் கேள். இந்த நான்கு படிகளை ஸ்ரீபெரும்புதூரைச் சுற்றியுள்ள ஒவ்வொரு பொறியியல் கல்லூரியிலும், பாலிடெக்னிக்கிலும் மாணவர்கள் ஆய்வகத்தில் கரண்டைத் துண்டித்துப் பார்த்தே கற்க வேண்டும். சொந்தமாகக் கோப்பு வடிவம் கண்டுபிடிப்பதைவிட எஸ்க்யூலைட், போஸ்ட்கிரஸ் போல நன்றாக அடிபட்டுத் தேறியவற்றில் குறிப்புகளை வைப்பது மேல்.

ஒவ்வொரு குறிப்புக்கும் அது பிறக்கும் கருவியிலேயே செக்சம் போட்டுவிட்டால், எத்தனை கம்ப்யூட்டர்கள் மாறிப் போனாலும் கடைசியில் சரிபார்க்க முடியும். சர்வரில் செக்சம் உள்ள கோப்பு முறைமை வேண்டும். யாரும் திறக்காத பழைய குறிப்புகளையும் மாதம் ஒருமுறையாவது முழுக்கப் படித்துச் சரிபார்க்க வேண்டும். பத்தாண்டு கழித்துத் தேவைப்படும்போதுதான் கெட்டது தெரியவரும் என்றால் அப்போது திருத்த வழி இருக்காது. இன்னொரு பிரதி வேறு கட்டடத்தில் இருக்க வேண்டும். வெள்ளமும் தீயும் செக்சத்துக்குப் பயப்படுவதில்லை.

இவற்றுக்கெல்லாம் மேலாக ஒரு சோதனை இருக்கிறது. புதிய இயந்திரத்தை ஆலை ஏற்றுக்கொள்ளும் முன் அதன் வேகம், துல்லியம், பாதுகாப்புத் தடுப்பு எல்லாவற்றையும் பரிசோதிக்கிறோம். அதே பட்டியலில் மின்சாரத் துண்டிப்பையும் சேர்க்க வேண்டும். இயந்திரம் முழு வேகத்தில் எழுதிக்கொண்டிருக்கும்போது மெயின் சுவிட்சை அணைக்க வேண்டும், ஒருமுறை இரண்டுமுறை அல்ல, பலமுறை. ஒவ்வொரு முறையும், ‘சேமித்தாயிற்று’ என்று அது சொன்ன குறிப்புகள் எத்தனை, திரும்ப எழுந்தபின் இருப்பவை எத்தனை என்று எண்ணிப் பார்க்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் அந்த இயந்திரத்தைத் திருப்பி அனுப்பலாம்.

போல்ட் சரியாக இறுகாவிட்டால் வண்டியை அடுத்த நிலையத்துக்கு விடாத இன்டர்லாக் இன்று லைன்களில் இருக்கிறது. குறிப்பு நிரந்தரமாகப் பதிந்தது என்ற உறுதி வராவிட்டாலும் வண்டி நகரக் கூடாது. இறுக்கியதற்குச் சான்று இல்லையென்றால், அந்த வண்டியை வாங்குபவரைப் பொறுத்தவரை அது இறுக்காத போல்ட்தான்.